மீட்டர் 14 காட்டினால் தரை உலர்ந்துவிட்டதா?

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும், தாமான் எனப்படும் குடியிருப்பையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1970-களில் கட்டிய இரட்டை மாடி வரிசை வீடு. கீழே சிமெண்டுத் தரை, மேலே மரப்பலகைத் தரை. 2017 நவம்பர் வெள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்து ஒரு நாள் நின்றிருக்கிறது. வரும் தை மாதக் கடைசியில் மகளுக்குத் திருமணம். அதற்காகக் கூடத்தில் இருந்த பழைய ஓடுகளை உடைத்தெடுத்து, 50 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதுச் சிமெண்டுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். போட்டு 16 நாள் ஆகிறது. முதல் ஏழு நாள் தண்ணீர் தெளித்தார்களாம். அதன் மேல் தேக்கு முகமும் ஒட்டுப்பலகை அடிப்பாகமும் கொண்ட தரைப்பலகைகளைப் பசையால் ஒட்டத் திட்டம். மாடியில் பழைய பலகைகள் மேலேயே புதிய கெம்பாஸ் மரப் பலகைகளை அடிக்கப் போகிறார்கள். மொத்த ஒப்பந்தம் 28,000 ரிங்கிட், அதில் 12,000 முன்பணமாகப் போய்விட்டது.

வேலையை எடுத்த குத்தகையாளர் அடுத்த வாரமே ஒட்டிவிடலாம் என்கிறார். வாசகி இணையத்தில் வாங்கிய, இரட்டை ஊசி கொண்ட ஈரப்பத மீட்டர் கூடத்தில் 14, மாடியில் 18 என்று காட்டுகிறது. மெல்பர்னில் இருக்கும் மகன் "கான்கிரீட்டுக்கு 75 வரை போகலாம்" என்று எங்கோ படித்துச் சொல்லியிருக்கிறார். "ஐயா, 75 எங்கே, 14 எங்கே? நாங்கள் பாதுகாப்பாகத்தானே இருக்கிறோம்? ஆனால் சுவரோரம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கணவர், முப்பது வருட அனுபவசாலியிடம் போய்ச் சந்தேகப்படலாமா என்கிறார்." இதுதான் கேள்வி.

சகோதரி, முதலில் அந்த வெள்ளைப் பூவைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். தரைக்குள்ளோ சுவருக்குள்ளோ நகரும் நீர் அங்கே உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு பூத்து நிற்கிறது. நம் பெரியவர்கள் இதைத்தான் ஓதம் என்றார்கள். புதுப் பூச்சின் நீராலும் இது வரலாம், மண்ணிலிருந்து ஏறும் நீராலும் வரலாம். ஒன்று காத்திருந்தால் தீரும், மற்றது எத்தனை மாதம் காத்திருந்தாலும் தீராது. இவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பலகை ஒட்டக் கூடாது. உங்கள் மனம் ஒப்பாதது சரியே.

மூன்று சதவீதங்கள், மூன்று மொழிகள்

இப்போது 14-க்கும் 75-க்கும் வருவோம். இரண்டையும் ஒப்பிட்டது உங்கள் தவறில்லை. எல்லாருமே சதவீதம் என்று சொல்லி, எதன் சதவீதம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மரத்தில் ஈரப்பதம் என்பது எடைக் கணக்கு. 46 கிராம் எடையுள்ள ஒரு மரத்துண்டை 103 பாகை செல்சியஸ் வெப்ப அடுப்பில் எடை மேலும் குறையாத வரை வைத்தெடுத்து, அது 40 கிராம் ஆனால், போன நீர் 6 கிராம். உலர்ந்த எடையான 40-இல் அது 15 சதவீதம். ஊசி மீட்டர்கள் இந்தக் கணக்கை நேரடியாகச் செய்வதில்லை. இரண்டு ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, மரத்துக்கென்று வகுத்த அளவுகோலில் ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன.

மகன் சொன்ன 75 வேறு. கான்கிரீட்டில் துளையிட்டு மூடிவைத்தாலோ, தரைமேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து ஓரம் அடைத்துவைத்தாலோ, உள்ளே அடைபட்ட காற்று தரையோடு சமநிலைக்கு வரும். அந்தக் காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம்தான் 75. அதாவது, அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு. பிரிட்டிஷ் நடைமுறையில் மரத் தரைக்கும் வினைலுக்கும் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வரம்பு இது. அந்த நிலையில் உள்ள கான்கிரீட்டை எடைபோட்டுப் பார்த்தால் அதில் நீர் சில சதவீதமே இருக்கும்.

மூன்றாவதாக, ஜெர்மானியர் பின்பற்றும் கார்பைடு சோதனை உண்டு. பூச்சிலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தூளாக்கிக் கால்சியம் கார்பைடுடன் ஓர் இரும்புக் குடுவையில் குலுக்கி, எழும் வாயுவின் அழுத்தத்திலிருந்து அதில் உள்ள நீரின் எடைச் சதவீதத்தைக் கணிப்பார்கள். அங்கே சிமெண்டுப் பூச்சுக்கு 2 சதவீதத்தைத் தாண்டினாலே வேலை நிற்கும்.

உங்கள் 14 இந்த மூன்றில் எதுவும் இல்லை. மரத்துக்கான அளவுகோலை வைத்துச் சிமெண்டைக் குத்தியதால் வந்த எண் அது. சிமெண்டில் உள்ள உப்பே மின்சாரத்தைக் கடத்தும், வெள்ளம் நின்ற வீடென்றால் இன்னும் அதிகமாகவே கடத்தும். அது உண்மையான எடைச் சதவீதமாக இருந்திருந்தால் உங்கள் கூடத்தில் கெண்டை மீன் விடலாம். அதற்காக மீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். கூடத்தைச் சாக்கட்டியால் மூன்றடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அது காட்டும் எண்ணை எழுதி வாருங்கள். எந்த மூலை மற்றதைவிட ஈரம் என்பதைக் காட்ட அந்தக் கருவி போதும். முறையான சோதனையை ஈரமான மூலைகளில் செய்யலாம்.

28 நாள் கணக்கு

சிமெண்டு 28 நாளில் காய்ந்துவிடும் என்று குத்தகையாளர் சொல்லியிருந்தால், அந்த எண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் நாள் அது. வலிமை வேறு, உலர்வு வேறு. உண்மையில் வலிமை கூடுவதற்கு ஈரம் வேண்டும், அதனால்தான் ஏழு நாள் தண்ணீர் தெளித்தார்கள். தெளிப்பதை நிறுத்திய நாளிலிருந்துதான் உலர்வு தொடங்குகிறது. உங்கள் பூச்சுக்கு உலர்வுக் கணக்கில் வயது 16 நாள் இல்லை, ஒன்பது நாள்.

50 மில்லிமீட்டர் வரை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பழைய கைக்கணக்கு. அதுவும் நல்ல உலர்வுச் சூழலில். நீங்கள் 400 சதுர அடிக் கூடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பூச்சின் அளவு ஏறத்தாழ 2 கன மீட்டர். அதிலிருந்து வெளியேற வேண்டிய நீர் தோராயமாக 100 லிட்டர், ஆறேழு குடம். அத்தனையும் மேற்பரப்பு வழியாக, ஆவியாக, உங்கள் கூடத்துக் காற்றில் கலந்துதான் போக வேண்டும்.

அந்தக் காற்று எப்படிப்பட்டது? பினாங்கில் சாதாரண நாளிலேயே ஒப்பீட்டு ஈரப்பதம் 80-ஐ ஒட்டி நிற்கும். காற்றே 80 என்றால் தரை 75-க்கு எங்ஙனம் இறங்கும்? ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், நல்ல காற்றோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை மாலையில் திறந்த ஜன்னல் தரையை உலர்த்தாது, நனைக்கும். வெயில் நண்பகலில் திறவுங்கள். மற்ற நேரம் கூடத்தை மூடிவைத்து, ஈரநீக்கிக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள், அல்லது குளிர்சாதனத்தை உலர்த்தும் நிலையில் வையுங்கள். ஈரநீக்கியின் தொட்டியில் தினமும் சேரும் நீரை அளந்து எழுதி வந்தால், அதுவே உங்களுக்கு ஒரு நாட்குறிப்பு. மேற்பரப்பு வெளுத்துவிட்டதைப் பார்த்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். நானும் ஒருமுறை கோலாலம்பூரில் வெளுத்த தரையை நம்பிச் சரி என்று சொல்லி, எட்டு மாதம் கழித்து மேலெழும்பிய பலகைகளுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

கீழ்த்தளத்தில் செய்ய வேண்டிய சோதனை

செலவில்லாத சோதனை ஒன்று இன்றே செய்யலாம். 18 அங்குலச் சதுரமாகக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் நாடாவால் காற்றுப்புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மேற்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், தரையைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் இந்தச் சோதனை ஒருவழிப் பாதை: ஈரம் தெரிந்தால் வேலையை நிறுத்தலாம், தெரியாவிட்டால் வேலையைத் தொடங்க அது அனுமதி ஆகாது.

அனுமதி தரக்கூடியது துளைச் சோதனைதான். எஃப் 2170 என்ற அமெரிக்கத் தரநிலை இதை வகுத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உலரும் தளத்தில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட வேண்டும். மண்மேல் கிடக்கும் தரை அப்படிப்பட்டதே. உங்கள் பழைய கான்கிரீட் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பூச்சோடு சேர்த்து 150. அதில் 40 சதவீதம் 60 மில்லிமீட்டர், அதாவது புதுப் பூச்சைத் தாண்டிப் பழைய கான்கிரீட்டுக்குள் ஒரு விரல் நுனி அளவு. துளைக்குள் உணர்கருவியை வைத்து மூடி 24 மணி நேரம் கழித்துப் படிக்க வேண்டும். முதல் 1,000 சதுர அடிக்கு மூன்று துளை என்பதால் உங்கள் கூடத்துக்கும் மூன்று. சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கூடம் நீங்கள் அன்றாடம் வாழும் நிலையில் இருக்க வேண்டும்: இரவில் குளிர்சாதனம் போடுவீர்கள் என்றால் அப்போதும் போட்டிருக்க வேண்டும். துளையிடும் முன் தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் நான் ஒன்று கூடுதலாகக் கேட்பேன். ஒவ்வோர் ஆழத் துளைக்கும் பக்கத்தில் 20 மில்லிமீட்டரில் இன்னொரு துளை. இரண்டையும் பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை படியுங்கள். மேல்துளையும் ஆழத் துளையும் சேர்ந்து இறங்கினால் புதுப் பூச்சின் நீர் வடிகிறது, காத்திருந்தால் போதும். மேல்துளை இறங்கி, ஆழத் துளை 90-க்கு மேலேயே அசையாமல் நின்றால் மண் நீர். 1970-களில் கட்டிய வரிசை வீடுகளில் கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டார்களா என்பதை உடைத்துப் பார்த்தால் தவிர அறிய முடியாது. இந்த இரட்டைத் துளை, உடைக்காமலே பதில் சொல்லிவிடும்.

கால்சியம் குளோரைடு கிண்ணத்தை ஒரு மூடிக்குள் வைத்து மூன்று நாள் கழித்து எடை பார்க்கும் சோதனையை யாராவது சொல்வார்கள். 3 பவுண்டு என்பது அதன் வழக்கமான வரம்பு, 1,000 சதுர அடியில் ஒரு நாளில் வெளியேறும் ஆவியின் எடை. மேல் ஓரத்தின் ஈரத்தை மட்டுமே அது பிடிக்கிறது. உங்கள் கேள்வியோ ஆழத்தில் இருக்கிறது, எனவே அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

எபாக்சியும் எஸ்.பி.சி.யும்

ஈரம் தெரிந்தால் எபாக்சி என்ற பிசினைப் பூசிவிடலாம், அல்லது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, நீர் புகாத எஸ்.பி.சி. பலகைக்கு மாறிவிடலாம் என்று குத்தகையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஈரத் தடுப்புக்கென்றே செய்த எபாக்சி நன்றாக வேலை செய்யும். ஆனால் பசைக்கு முன் பூசும் சாதாரண அடிப்பூச்சும் அதுவும் ஒன்றல்ல. டப்பாவில் எத்தனை சதவீத ஒப்பீட்டு ஈரப்பதம் வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சடிக்கவில்லை என்றால் அது தடுப்பு அல்ல. தரையை இயந்திரத்தால் தேய்த்து, உப்பும் தூசியும் போன பிறகே பூச வேண்டும். மணல் உதிரும் சிமெண்டுப் பூச்சின் மேல் அடித்தால் எபாக்சி அந்தப் பூச்சைப் பிடிக்கும், பூச்சு அடித்தரையை விட்டுவிடும். மண் நீர் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு: தரையில் வழி அடைபட்ட நீர் சுவர் வழியாக ஏறப் பார்க்கும். உங்கள் சுவரோரம் ஏற்கெனவே பூத்திருக்கிறது.

எஸ்.பி.சி. பலகை நீரில் ஊறாது, சரி. ஆனால் அதன் அடியில் நீர் நிற்காது என்று யார் சொன்னது? பலகை கெடாமல் இருக்கும், ஆனால் அடியில் பூஞ்சை வளர்ந்து வீடு முழுக்கப் புழுங்கல் நாற்றம் வீசும். பக்கத்தில் உள்ள மரக் கதவுச் சட்டமும் சுவரோரப் பலகையும் அந்த ஈரத்தைக் குடிக்கும். மண் நீர் உறுதியானால், என் தேர்வு பழையபடி ஓடுதான். தேக்கு ஆசையை மாடியில் தீர்த்துக்கொள்ளலாம்.

மாடிப் பலகைகள்

மாடியில் 18 என்பது ஓரளவு நம்பத்தக்க எண், ஏனெனில் மீட்டர் மரத்தைத்தான் குத்துகிறது. ஆனாலும் அந்த அளவுகோல் பெரும்பாலும் டக்ளஸ் ஃபர் என்ற வெளிநாட்டு மரத்தை வைத்து வகுத்தது. நம் கெம்பாஸ், மெர்பாவ், செங்கால் ஆகியவற்றுக்குத் திருத்த அட்டவணை வேண்டும். குளியலறைச் சுவரோரம், ஜன்னலடி, கூரை ஒழுகிய இடம் ஆகிய இடங்களில் தனித்தனியாகக் குத்திப் பாருங்கள். ஒரே அறையில் நடுவே 15-ம் குளியலறையோரம் 22-ம் இருந்தால் அது வானிலை இல்லை, குழாய்க் கசிவு. 20-ஐத் தாண்டிய மரத்தில் அழுகல் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. கறையானும் ஈர மரத்தை விரும்பும். கசிவை அடைக்காமல் மேலே புதுப் பலகை அடித்தால் நோயைப் போர்வையால் மூடியது போலத்தான்.

முக்கியமான கேள்வி, பழைய பலகைக்கும் புதுப் பலகைக்கும் இடையே ஈரப்பதத்தில் எத்தனை சதவீதப் புள்ளி வித்தியாசம் என்பது. அமெரிக்கத் தரைத் தொழிலில் மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அகலமான பலகைக்கு 2 புள்ளியும், அதைவிடக் குறுகியதற்கு 4 புள்ளியும் வரம்பு. 1,000 சதுர அடிக்கு இருபது இடங்களில் அளப்பார்கள். உங்கள் கெம்பாஸ் நான்கு அங்குலம், எனவே 2 புள்ளி. அங்கே அடித்தளப் பலகை 12-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் காற்றுக்கு. திறந்த ஜன்னலோடு 80 சதவீதக் காற்றில் வாழும் மரம் இங்கே 16-ஐ ஒட்டித்தான் நிற்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடி 60-க்கு இறங்கும் அறையில் அதே மரம் 11-ஐ நோக்கிப் போகும். 16-இல் அடித்த நான்கு அங்குலப் பலகை 11-க்கு வந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். முப்பது பலகைகளுக்கு முப்பது இடைவெளி. எனவே மகளின் அறையில் குளிர்சாதனம் வழக்கமாக ஓடுமா என்பதை முதலில் தீர்மானித்து, அந்த நிலையிலேயே பலகைகளை இடைக்குச்சி வைத்து அடுக்கி, எண் அசையாமல் நிற்கும் வரை விடுங்கள். கட்டைப் பிரிக்காமல் இரண்டு நாள் மூலையில் சாத்தி வைப்பதைப் பதப்படுத்தியதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

குத்தகையாளரிடம் எப்படிப் பேசுவது

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சோதனை கேட்பது அவரது அனுபவத்தைச் சந்தேகிப்பது ஆகாது. ஓடு ஒட்டுவதில் முப்பது வருடம் பழகிய கைக்கு, மரம் ஒட்டுவதன் ஆபத்து தெரியாமல் இருக்க நியாயம் உண்டு. ஓடு ஈரத்தைப் பொறுக்கும், மரம் பொறுக்காது.

சண்டை வேண்டாம், ஒரு தாள் போதும். தேதி, துளையின் இடம், ஆழம், கருவி, வந்த எண், பசையையும் பலகையையும் தயாரித்தவர் தன் விளக்கத் தாளில் தந்திருக்கும் வரம்பு ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பலகை நிறுவனங்கள் உத்தரவாதம் என்று வந்தால் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். எண் வரம்பைத் தாண்டினால் வேலை தள்ளிப்போகும், அதற்கு அபராதம் இல்லை என்பதையும் அதிலேயே சேருங்கள்.

சோதனையே இல்லாமல் ஒட்டி, பின்னால் பெயர்ந்து வந்தால் உங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். ஆனால் அவர் "கொஞ்சம் பொறுப்போம்" என்று சொல்லி, கல்யாணத்துக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நீங்கள் அழுத்தினால், அந்த வாட்ஸ்அப் செய்தி அவருக்குச் சாட்சியாகிவிடும். அவசரம் உங்கள் பக்கத்திலிருந்து எழுத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது. மாடியைக் கல்யாணத்துக்கு முன் முடியுங்கள், அங்கே மண் நீர்க் கவலை இல்லை. கூடத்தைத் தை கழியும் வரை தொடாதீர்கள். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள், தரைக்கும் அதுவே நல்ல காலம். வெறும் சிமெண்டுத் தரை மேல் பாய் விரித்தால் நலங்குக்கு வரும் எந்த அத்தையும் குறை சொல்ல மாட்டார். விருந்தினர் போன மறுநாளே பாயைச் சுருட்டிவிடுங்கள், அடியில் ஈரம் அடைபட விட வேண்டாம்.

கடைசியில் பின்குறிப்பாக, அந்த வெறும் தரையில் மாக்கோலம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், அரைத்த மாவில் இருக்கும் நீர் ஒரு கிண்ணம்கூட வராது. கோலத்துக்கு முன் தரையை வாளி வாளியாகக் கழுவிவிடுவதுதான் கூடாது, பெருக்கினால் போதும்.